மருமக்கள் வரிசையில் உன் பெயர்

இயேசு மரி சூசை துணை

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
18.06.2025

அன்பு மகள் டிலக்ஷிக்கு அப்பா எழுதிக்கொள்வது,

இங்கே நானும் அம்மாவும் தம்பி றொஹானும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டுமென்று கொச்சிக்கடை அந்தோனியாரை மன்றாடுகிறோம். உடம்புக்கு என்று பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன் மகள். மனதைக் கேட்டால் இந்த மூன்று கிழமையாக இந்த வீட்டில் ஒருவருக்கும் நலமில்லை. நீ எடுத்த போன் ஒன்றையும் நான் தூக்கவில்லை. ஆனால் வட்ஸ்அப்பில் நீ பேசி அனுப்பிய ஏழு செய்தியையும் கேட்டேன், மூன்றாவதில் நீ அழுததையும் கேட்டேன், கேட்டுவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். உன்னை வருத்த வேண்டுமென்று அல்ல. வாயைத் திறந்தால் கத்திவிடுவேன், கத்திய பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியாது. கடிதத்தில் அந்தக் கரைச்சல் இல்லை, கத்தி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுக்கலாம். இது நாலாவது தாள். இதிலும் எங்காவது சத்தம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள், எனக்கு வந்த அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை.

எங்களுக்கு எப்படித் தெரிய வந்தது என்று நீ திரும்பத் திரும்பக் கேட்டிருந்தாய், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் நீ தாதி வேலைக்கென்று அயர்லாந்துக்குப் போனபோது டப்ளின் பட்டணத்துக்குப் போகிறாய் என்று நான் கொட்டாஞ்சேனை முழுவதும் சொல்லிவிட்டேன். நீ போய்ச் சேர்ந்ததோ லீற்றிம் என்ற மாவட்டத்தில் மாடு மேயும் ஒரு சின்ன ஊரின் முதியோர் இல்லத்துக்கு. தமிழ்ச் சனம் இல்லை, பஸ் இல்லை, மழை மட்டும் தாராளம் என்று நீ சொன்னபோது அம்மா அழுதாள், நான் அந்த மாவட்டத்தைப் படிக்கத் தொடங்கினேன். றொஹான் என் போனில் அங்கத்தைய வானொலியைப் போட்டுத் தந்தான். முதல் நாளே வாயைப் பிளந்தேன், அவர்களும் எங்களைப் போலவே வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறார்கள். முப்பத்தைந்து வருடமாக இந்தக் கொட்டாஞ்சேனையில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் அறிவித்தல் எழுத என்னிடம்தானே வருகிறார்கள். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த காலத்திலும் சரி, பென்ஷன் எடுத்த பிறகும் சரி, பேப்பருக்கு, வானொலிக்கு, மதிலில் ஒட்டும் தாளுக்கு எல்லாம் என் கைதான். அப்படிப்பட்டவன் விடுவேனா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் மூன்றரைக்கு, உங்களுக்கு முற்பகல் பதினொன்று, தேத்தண்ணீரோடு உட்கார்ந்து லீற்றிம் மாவட்டத்துச் சாவுகளைக் கேட்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், எங்கட ஊர்ச் சாவு போதாதென்டு பிறத்தியார்ட சாவையும் கேக்கிறார் என்று.

ஆனால் அதில்தான் நான் அந்த நாட்டுப்புறத்தைக் கண்டேன் மகள். இறந்தவர் எந்த ஊர், எந்தக் கோவிலில் பூசை, எந்தச் சேமக்காலையில் அடக்கம், அன்றைக்கு எந்த ஒழுங்கையில் வாகனம் ஒரு பக்கமாகத்தான் போகலாம், எல்லாம் சொல்வார்கள். பழைய கலண்டர் தாள்களைப் பின்புறமாகத் திருப்பி ஒட்டி ஒரு வரைபடமே கீறி வைத்திருந்தேன். நாலு வீட்டுக்கு ஓர் ஊர்ப்பெயர், எங்கள் தொடர்மாடியில் ஒரு மாடியில் இருக்கிற சனம் அங்கே ஓர் ஊர் முழுவதிலும் இல்லை. எந்த வாவிக்கு எந்தப் பக்கம் கோவில், அடுப்பெரிக்க மண்ணை வெட்டிக் காய வைக்கும் சதுப்பு எங்கே, மாட்டுச் சந்தை எந்தக் கிழமை, கையாலும் பிடித்து உதைபந்து விளையாடுகிற அவர்களுடைய கூட்டம் எத்தனை முறை தோற்றது, எல்லாம் எனக்குப் பாடம். கீழே கடை வைத்திருக்கிற மக்கீனிடம், என் அறிவித்தல்களைப் போட்டோக்கொப்பி அடித்துத் தருகிற அதே மக்கீன்தான், லீற்றிம் பற்றி எதைக் கேட்டாலும் சொல்லுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். அந்த மாவட்டத்தில் நாற்பத்திரண்டு ஊர்களைக் குறித்து வைத்திருந்தவனுக்கு, அதில் தன் மகள் வாழ்க்கைப்பட்ட ஊர் எது என்று தெரியாது. இதை எழுதும்போதும் முகம் சுடுகிறது.

போன மாதம் இருபத்தேழாம் திகதி செவ்வாய்க்கிழமை. வானொலியில் மூன்றாவதாக மோறீன் மக்ஹியூ என்ற அம்மாவின் பெயர் வந்தது, ஊர் டிரும்கொறன். அந்த ஊர் என் வரைபடத்தில் இல்லை. சரி, புதிய ஊர் ஒன்று கிடைத்தது என்ற சந்தோஷத்தோடு, எங்கே இருக்கிறதென்று பார்க்கப் போனில் அறிவித்தல் போடுகிற பக்கத்தைத் திறந்தேன். தொழில் பழக்கம், கண் முதலில் உறவுக்காரர் பட்டியலுக்குத்தான் போகும், யாரை முதலில் போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க. காலஞ்சென்ற கணவர், மகன்மார் டெக்லன், பட்றிக், மருமகள் டிலக்ஷி. கண்ணாடியைக் கழற்றிக் கட்டியிருந்த சாரத்தால் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். மருமகள் டிலக்ஷி. வேறு டிலக்ஷியாக இருக்கலாமே என்று ஒரு நிமிடம் மனதைத் தேற்றப் பார்த்தேன், லீற்றிம் மாவட்டத்தில் இரண்டு டிலக்ஷிக்கு எங்கே போவது. பிழையாகப் போட்டிருப்பார்களோ என்றும் நினைத்தேன், ஆனால் என்னை நானே ஏமாற்ற முடியவில்லை. மரண அறிவித்தலில் ஒரு பெயர் தவறுதலாக விடுபடலாம், தவறுதலாகச் சேராது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அந்த வீட்டில் யாரோ ஒருவர் நின்று, இவளையும் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். என் பிள்ளையை ஓர் அந்நிய வீட்டில் யாரோ மருமகள் என்று சொல்லிப் போட்டிருக்கிறார்கள், பெற்றவனுக்கு அந்தச் செய்தி சாவுச் செய்தியோடு சேர்ந்து வருகிறது. தேத்தண்ணீர் ஆறிப்போனது, நான் எழும்பவில்லை.

அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். அவள் வாசித்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், அவளோ குசினிக்குள் போய் அரிசி கழுவத் தொடங்கினாள், கழுவியதையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். வியாழக்கிழமை அடக்கப் பூசை. உங்கள் கோவில்களில் கமரா பூட்டிப் பூசையைப் போனிலேயே காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பின்னேரம் நாலரை. நான் பார்க்க மாட்டேன் என்றாள் அம்மா, பார்க்க மாட்டேன் என்றபடியே கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டாள். பெட்டியை மகன்மாரும் அயலவரும் தோளில் சுமந்து வந்தார்கள், பின்னால் கறுப்புக் கோட்டோடு நீ. முன் வரிசை வாங்கில், குடும்பத்தோடு. உன்னை நான் அதற்கு முன் அப்படிப் பெரிய மனுஷியாகப் பார்த்ததே இல்லை. காணிக்கைப் பவனியில் அந்த அம்மாவின் வாழ்க்கையைக் காட்டுகிற சாமான்கள் ஒவ்வொன்றாய் வந்தன. ஒருவர் பால் வாளி, ஒருவர் பச்சையும் மஞ்சளுமான விளையாட்டுச் சட்டை. மூன்றாவதாக நீ ஒரு தகர ரின்னோடு வந்தாய். சிவப்பு ரின், நீல மூடி. ஐயோ இது என்ட ரின் என்று அம்மா போனைப் பறித்தாள். அவளுடைய ரின்னேதான், மூடி தொலைந்துபோய் வேறு ரின்னின் மூடியைப் போட்டு அவள் கறித்தூள் அனுப்பியது. பாதர் சொன்னார், டிலக்ஷியின் அம்மா கொழும்பிலிருந்து அனுப்பிய இந்தத் தூளை மோறீன் முட்டை சான்ட்விச் வரைக்கும் எல்லாவற்றிலும் போட்டார், இனி இந்தக் கோவில் மண்டபத்துச் சாப்பாடு பழையபடி சப்பென்றுதான் இருக்கும் என்று. கோவில் முழுவதும் சிரித்தது. சாவுப் பூசையில் சிரிக்கிறார்களே என்று எனக்கு அதற்கும் ஓர் அதிர்ச்சி. அம்மா சிரிக்கவில்லை. வருசத்துக்கு மூண்டு ரின், என்ட பிள்ளை வடிவாச் சாப்பிடுது என்டல்லோ வெயிலுக்குள்ள காயவைச்சு வறுத்தனான், ஆரோ ஒரு மனுஷிக்கல்லோ குடுத்திருக்கிறாள் என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கு எது கூட வலித்தது, நீ சொல்லாமல் கட்டியதா, அவள் கைத்தூளை ருசித்த சம்பந்தியை அவள் ஒரு நாளும் காணாமல் போனதா, எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பிறகுதான் உன் குரலைக் கேட்டோம். அந்த அம்மா இடைக்கிடை உன் முதியோர் இல்லத்துக்கு வந்து தங்கும்போது நீதான் பார்த்தாய், புற்றுநோய், பார்க்க வந்த மகன் டெக்லனோடு பழக்கம், கண் மூடுமுன் கலியாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா கேட்டதால் மார்ச் மாதம் பதிவு மட்டும் செய்துகொண்டீர்கள், டிசம்பரில் நத்தாருக்கு இங்கே வந்து எங்கள் காலில் விழுந்து சொல்லிக் கோவிலில் தாலி கட்டுவதாக இருந்தீர்கள். எல்லாம் கேட்டேன். அறிவித்தலில் உன் பெயரைப் போட வேண்டாம், வீட்டில் தெரியாது என்று நீ டெக்லனிடம் சொன்னதாகவும், அம்மா சாகுமுன் தானே எழுதி வைத்த பட்டியல் அது, அதில் ஒரு பெயரை வெட்ட என்னால் முடியாது என்று அவன் சொன்னதாகவும் சொன்னாய். அதைக் கேட்டபோதும் எனக்குக் கோபம்தான் வந்தது. எந்தப் பெண் எந்த வீட்டு மருமகள் என்று அவளைப் பெற்றவர்களுக்குத் தெரியுமுன் உலகத்துக்குச் சொல்ல இவர்கள் யார் என்று பல்லைக் கடித்தேன். மாட்டுப் பண்ணைக்காரன் என்றேன், மழையில் நனைந்த ஊர் என்றேன், பக்கத்து வீட்டுக்காரரே மண்வெட்டியோடு வந்து குழி வெட்டுகிறார்களாம், அங்கே குழி வெட்டக்கூட ஆள் இல்லையா என்றேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். வரைபடத்தைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். றொஹான் அதை எடுத்து மடித்து வைத்திருக்கிறான், அப்பாவுக்குத் தெரியாதென்று அவனுக்கு எண்ணம்.

கோபத்தை யாரிடமாவது கொட்ட வேண்டுமே. மக்கீனிடம் போனேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன், என்னோடு சேர்ந்து அவரும் உன்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார், பேரு உடுபட்டுப் போச்சென்டு சண்டைக்கி வந்த ஆக்கள நான் நெறயக் கண்டீக்கிறன், பேரு போட்டுட்டாங்கென்டு சண்டைக்கி வந்த மொதல் ஆள் நீங்கதான் அண்ணன். சொல்லிவிட்டு மெஷினைப் போட்டார். எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மூன்று மாடி ஏறி வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றேன், மூச்சுக்காக அல்ல.

மகள், ஹியூபேட் சித்தப்பா ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று சின்ன வயதில் நீ எத்தனை தரம் கேட்டிருப்பாய். வேலை கூட, களனி தூரம் என்று சொன்னேன். களனி என்ன தூரம், ஒரு பஸ். இப்போது உண்மையைக் கேள். தொண்ணூற்றொன்பதில் உன் அப்பப்பா செத்தார், உனக்கு ஐந்து வயது. அதற்கு முந்திய வருடம்தான் ஹியூபேட் சிறியாணியைக் கட்டியிருந்தான். சிங்களம், பௌத்தம், அப்பப்பா கடைசி வரைக்கும் அவளை வீட்டுக்குள் எடுக்கவில்லை. அறிவித்தலை எழுதியவன் நான். மருமக்கள் வரிசையில் அவளுடைய பெயரையும் முதலில் எழுதினேன். பெரியவர்கள் வந்து நின்று, செத்த மனுஷன் ஏற்காத பெயரை நீ எப்படி எழுதுவாய் என்றார்கள், நான் வெட்டினேன். ஒரே கோடு. கொன்ஸ்ரன்ஸ் என்று உன் அம்மாவின் பெயர் மட்டும் நின்றது. அடக்கத்தன்று சிறியாணி வெள்ளைச் சேலையோடு வந்தாள். மதிலில் ஒட்டியிருந்த தாளுக்கு முன்னால் நின்று, அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, சிரித்த முகத்தோடு விரலை எழுத்துகளுக்கு மேல் ஓட்டிக்கொண்டு ஹியூபேட்டிடம் கேட்டாள், மகே நம கொஹேத, என் பெயர் எங்கே என்று. நான் நாலடி தள்ளி நின்றேன். ஹியூபேட் அவளுடைய விரலைப் பிடித்து ஒரு பெயருக்கு மேல் வைத்தான். அவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் மட்டும் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தான். அதுதான் கடைசி. இருபத்தாறு வருடம். நீ எங்களிடம் மறைத்தது மூன்று மாதம்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்ததும் அம்மாவிடம் களனிக்குப் போவோமா என்று கேட்டேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை, செருப்பை மாட்டினாள். விலாசத்தைத் தேடிப் பிடிக்க நாலு பேரிடம் விசாரிக்க வேண்டியிருந்தது, லீற்றிமில் என்றால் யாரையும் கேட்காமல் போயிருப்பேன். ஆற்றுப் பக்கமாகச் சின்ன வீடு, வாசலில் அந்தூரியம். ஹியூபேட் கதவைத் திறந்தான், தலை முழுவதும் நரைத்துவிட்டது, நான் யாரென்று தெரிய அவனுக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. கதவை விட்டு விலகி நின்றான். சிறியாணிதான் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். நான் உன் கதையைச் சொன்னேன், லீற்றிம் கதையைச் சொன்னேன், ஊர் பேர் தெரியாத ஒரு மனுஷி சாகுமுன் என் மகளின் பெயரைத் தன் கையால் எழுதி வைத்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன், ஆனால் தேத்தண்ணீரைத்தான் எடுத்துக் குடித்தேன். அப்போது சிறியாணி தமிழில் பேசினாள் மகள். நல்ல தமிழ். அய்யே, அண்ணனைச் சிங்களத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு அது தெரியும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அரசாங்க வேலையில் இருந்தவள், தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டுமென்று இரண்டாயிரத்து எட்டில் வகுப்புக்குப் போயிருக்கிறாள். எழுத்துக் கூட்டத் தெரிந்த உடனே, மாமாட பேப்பரை எடுத்து வாசிச்சனான், நான் தனிய வாசிச்ச முதல் தமிழ் அதுதான், இவர் எனக்குக் காட்டினது அக்காட பேர் என்றாள். அக்கா என்றது உன் அம்மாவை. அலுமாரியைத் திறந்து, அவர்களுடைய கலியாணச் சேர்ட்டிபிக்கட் வைத்திருக்கிற அதே கவரிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மடிப்பில் கிழிந்திருந்தது, செலோரேப் ஒட்டியிருந்தாள். என் சொற்கள், என் வரிசை. கொன்ஸ்ரன்ஸின் அன்பு மாமனாரும் என்ற இடத்தில் கடதாசி மங்கிப் போயிருந்தது.

ஹியூபேட் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் அது அன்றைக்குத்தான் தெரியும். பதினேழு வருடமாக அவள் அவனிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லேல்லை என்று அவன் கேட்டான். நீங்க எனக்கு நோகக்கூடாதென்டுதானே பொய் சொன்னீங்க, அதைப் பிடிச்சுத்தந்தா உங்களுக்கல்லோ நோகும் என்றாள். நாங்கள் நாலு பேரும் கிழடுகள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். உன் அம்மாதான் எழும்பிப் போய்ச் சிறியாணியின் பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள், மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் அம்மாவே என்னைக் கூட்டிக்கொண்டு கோவில் ஒஃபிஸுக்குப் போனாள். வருகிற இருபத்தாறாம் திகதி வியாழன் அந்த அம்மாவுக்கு ஒரு மாதம் முடிகிறது, உங்கள் ஊரிலும் ஒரு மாதப் பூசை வைப்பார்கள் என்று வானொலியில் கேட்டிருக்கிறேன். இங்கேயும் அதே நாள் ஆறு மணிப் பூசையை மோறீனுக்கு ஒப்புக்கொடுக்கச் சொல்லி எழுதினோம். அங்கிருந்த பிள்ளை, இறந்தவர் உங்களுக்கு என்ன முறை என்று கேட்டது. அம்மா சம்பந்தி என்றாள், பிள்ளைக்கு விளங்கவில்லையோ என்று இன்னொரு தரம் சத்தமாகவும் சொன்னாள், பின்னால் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. ஹியூபேட்டும் சிறியாணியும் பூசைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது பூசை முடிந்திருக்கும். அம்மா மறுபடியும் தூள் வறுக்கிறாள், வீடு முழுவதும் தும்மல். இந்த முறை இரண்டு ரின், ஒன்று உனக்கு, ஒன்று கோவில் மண்டபத்துக்காம், சப்பென்ற சாப்பாட்டை அந்தச் சனம் எத்தனை நாளைக்குத் தின்னும் என்று கேட்கிறாள்.

இதற்காக எனக்குக் கோபம் போய்விட்டதென்று நினைத்துவிடாதே. இருக்கிறது. சாவு அறிவித்தலில் மகளின் கலியாணத்தைப் படித்த தகப்பன் இந்தக் கொட்டாஞ்சேனையில் நான் ஒருவன்தான், அந்தத் திகைப்பு நீ நத்தாருக்கு வந்து முன்னால் நிற்கும் வரைக்கும் போகாது. இரண்டு பேரும் வாருங்கள். டெக்லனுக்குச் சொல், இங்கே வெயிலுக்குக் கோட்டு வேண்டாம், தண்ணீர் கொதித்தாறியது மட்டும் குடிக்க வேண்டும். தாயை இழந்த பிள்ளை, சாப்பாட்டில் கவனிப்புக் குறைந்திருக்கும், நீ பார்த்துக் கொடு. மாடு பார்க்கிற வேலை லேசில்லை என்று இப்போது விளங்குகிறது. மழைக்குள் அந்த ஒழுங்கைகளில் காரை வேகமாக ஓட்டாதே, எங்கெங்கே தண்ணீர் ஏறும் என்று உன்னைவிட எனக்குத் தெரியும். என் வரைபடத்தை றொஹானிடமிருந்து வாங்கி ஒட்டியிருக்கிறேன், டிரும்கொறனைக் குறிக்கவில்லை, எந்த வாவிக்கு எந்தப் பக்கம் என்று நீ எழுது, உன் எழுத்தைப் பார்த்துத்தான் குறிப்பேன்.

கடைசியாக ஒன்று. இத்தோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன், பார்த்துப் பயந்துவிடாதே, எனக்கு நோய் வருத்தம் ஒன்றும் இல்லை. ஊருக்கெல்லாம் எழுதுகிறவன் தன்னுடையதைப் பிறர் கையில் விடுவானா, என் அறிவித்தலை நானே எழுதி அலுமாரியில் வைத்திருப்பது உனக்குத் தெரியும். அதைத் திருத்தி எழுதியிருக்கிறேன். திகதி மட்டும் வெறுமை. கொன்ஸ்ரன்ஸின் அன்புக் கணவரும், டிலக்ஷி, றொஹான் ஆகியோரின் பாசமிகு தந்தையும், டெக்லனின் அன்பு மாமனாரும், ஹியூபேட்டின் அன்புச் சகோதரரும், சிறியாணியின் அன்பு மைத்துனரும் ஆவார். நான் யாருக்கு எழுதினாலும் வீட்டார் பார்த்துச் சரி என்று கையெழுத்து வைத்த பிறகுதான் வெளியே விடுவேன், அந்தச் சட்டம் எனக்கும் உண்டு. இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். டெக்லனுக்குத் தமிழ் தெரியாது. தன் பெயர் எங்கே என்று கேட்பான். அவனுடைய விரலைப் பிடித்து அவனுடைய பெயருக்கு மேலேயே வை மகள்.

உன்னையும் உன் வீட்டுக்காரனையும் தேவன் காப்பாராக, நெற்றியில் சிலுவை போட்டு அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இனி நீ போன் எடு, நான் தூக்குவேன்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா,
சவுந்தரநாயகம்